காரில் சத்தம் வந்தால் செய்யக் கூடாதவை

பழைய கார் வாங்கியவர்களும் சரி, ஷெட்டில் புதிதாகச் சேரும் பையன்களும் சரி, சத்தம் எப்போது வருகிறது என்று கவனிக்கும் முன்பே எதையாவது கழற்றி மாற்றிவிடுகிறார்கள். டிக்கியில் உருளும் ஜாக்கியையெல்லாம் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். நான் சொல்வது காசைக் கரைக்கும் தவறுகளை.

இரைச்சல் என்றதும் டயரை மாற்றுவது

அறுபதைத் தாண்டியதும் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். வேகத்தோடு சேர்ந்து ஏறும், கியரை மாற்றினாலும் மாறாது. உடனே "டயர் போச்சு" என்று நான்கையும் மாற்றிவிடுகிறார்கள். அண்மையில் ஒருவர் அப்படித்தான் வந்தார். புது டயரின் ரப்பர் முள்கூடத் தேயவில்லை, இரைச்சல் மட்டும் அப்படியே இருந்தது. நியூட்ரலில் வைத்து முன்பக்க இடது வீலை ஜாக்கியில் தூக்கினேன். ஒரு கையால் காயில் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டு மறுகையால் வீலைச் சுற்றினால், ஸ்பிரிங் வழியாக நறநறவென்று அதிர்வு. வீல் சுழல உதவும் பேரிங் போயிருந்தது. பழைய டயர்களில் பட்டன், அதாவது ரோட்டில் படும் ரப்பர் கட்டைகள், பாதிக்கு மேல் இருந்ததாம். அவற்றையும் கடையிலேயே கொடுத்துவிட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை, ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம் இது.

ஆளில்லாத அகலமான சாலையில் ஒரே வேகத்தில் போய், ஸ்டியரிங்கை மெதுவாக வலப்பக்கம் வளையுங்கள். எடை இடப்பக்க வீல்களுக்குச் சாயும். அப்போது இரைச்சல் கூடினால் பெரும்பாலும் இடது பேரிங். இடப்பக்கம் வளைக்கும்போது கூடினால் வலது. வளைத்தாலும் மாறாமல், தார் ரோட்டிலிருந்து கான்கிரீட் ரோட்டுக்கு ஏறியதும் மாறினால் டயரைச் சந்தேகப்படலாம். முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றி ஓட்டிப் பாருங்கள், டயர்தான் என்றால் சத்தமும் பின்னால் போகும்.

அப்போதும் அவசரம் வேண்டாம். பட்டன்மேல் பக்கவாட்டில் கையைத் தடவுங்கள். ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் எதிர்ப்பக்கம் அரம் போலவும் இருந்தால் வீல் அலைன்மென்ட், அதாவது வீல்கள் நிற்கும் கோணம், கெட்டிருக்கிறது. பள்ளம் பள்ளமாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரைப் பாருங்கள். அவற்றைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் இரைய ஆரம்பிக்கும். பேரிங் என்றால் தள்ளிப்போடவே கூடாது, முற்றினால் வீலே ஆடும்.

பிரேக் கீச்சிட்டால் பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவது

பல பிரேக் பேடுகளில் ஒரு சின்ன இரும்புத் தகடு இருக்கும். பேட் தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும், எச்சரிக்கவே அதை வைத்திருக்கிறார்கள். விட்டுவிட்டால் டிஸ்க்கும் போகும். அங்கே எண்ணெய் விட்டால் பிரேக் பிடிக்காது.

எஞ்சின் பெல்ட் கீச்சிட்டால் எண்ணெய் தெளிப்பது

கூடாது. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைப் பாருங்கள்.

கிழிந்த ஆக்சில் பூட்டை விட்டுவைப்பது

பூட் என்பது ஆக்சில் ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை. அது கிழிந்தால் கிரீஸ் வெளியேறி மண் புகுந்துவிடும். அப்புறம் திருப்பும்போதெல்லாம் 'டக் டக்'. அதற்குள் ஜாயின்ட் தேய்ந்திருக்கும். முதலிலேயே பார்த்திருந்தால் புது ரப்பர் உறையும் கிரீஸும் போதும்.

எஞ்சினில் 'டிக் டிக்' என்றதும் வால்வைத் தொடுவது

ஆயில் குறைந்தாலும் அந்தச் சத்தம் வரும். முதலில் டிப்ஸ்டிக்கை உருவி ஆயில் அளவைப் பாருங்கள்.

சைலன்சர் ஓட்டையை 'சத்தம்தானே' என்று விடுவது

புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு மணம் கிடையாது, காருக்குள் கசிந்தாலும் தெரியாது. வெல்டு வைக்கும்வரை அந்தக் காரில் குழந்தைகளை ஏற்றாதீர்கள், நிறுத்திய வண்டியில் ஏசி போட்டுத் தூங்கவும் வேண்டாம்.