வீட்டுக்குள் பழைய பைக்: இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் பல வீடுகளுக்கு கராஜ் கிடையாது. உப்புக் காற்று ஒரு பக்கம், திருட்டு பயம் இன்னொரு பக்கம். தாத்தாவின் பிஎஸ்ஏ பைக்கோ அப்பாவின் டிரையம்ஃப் பைக்கோ கைக்கு வந்தால் நேராக லவுஞ்சுக்குத்தான் வருகிறது. அதில் தப்பே இல்லை. டர்பன் ஈரத்தில் வெளியே நிற்பதைவிட வீட்டுக்குள் நிற்பது எவ்வளவோ மேல். ஆனால் புதிதாக இதில் இறங்கும் பிள்ளைகளைப் பார்த்தால், அந்த வயதில் நாங்கள் செய்த தப்புகளே அப்படியே திரும்பி வருகின்றன. கதவின் அகலத்தை அளப்பது, ஆயில் சொட்டும் இடத்தில் தட்டு வைப்பது எல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து வைப்பது

இதைக் கேட்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. நல்ல எண்ணத்தில் செய்கிறார்கள், வண்டியைக் கொல்கிறார்கள்.

தாத்தாவின் பிஎஸ்ஏ எம்20 வைத்திருக்கும் ஒரு தம்பி, "அங்கிள், ஞாயிறானா அஞ்சு நிமிஷம் ஓட விடுறேன், அப்பதானே வண்டி உயிரோட இருக்கும்?" என்றான். ஆயில் டேங்க் மூடியைத் திறக்கச் சொன்னேன். மூடியின் அடியில் வெண்ணெய் போல வெளுத்த பசை. சைலன்சரின் அடிப்பக்கத்தை ஸ்க்ரூடிரைவர் முனையால் லேசாக அழுத்தினேன், முனை உள்ளே போய்விட்டது. மேலே குரோம் பளபளவென்றுதான் இருந்தது.

காரணம் எளிது. 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. வண்டி நன்றாகச் சூடேறினால் அது ஆவியாகவே வெளியே போய்விடும். ஐந்து நிமிடத்தில் சிலிண்டர் தலைதான் சுடும். கீழே கிராங்க் சுழலும் பெட்டி, அதாவது கிராங்க்கேஸ், ஜில்லென்று இருக்கும். தேய்ந்த ரிங்குகளைத் தாண்டி வரும் ஈரப்புகை அங்கே தண்ணீராகப் படியும். அதோடு அமிலமும் ஆயிலில் கலக்கும். மெயின் பேரிங்கில் ஊசிமுனை அளவு துரு பிடித்தாலும், ஒருநாள் இன்ஜினை இரண்டாகப் பிரித்து கிராங்கை வெளியே எடுக்க வேண்டி வரும். சைலன்சர் உள்ளிருந்தே அரித்துப் போகும். பேட்டரியாவது சார்ஜ் ஆகிறதா என்றால் அதுவும் இல்லை. பழைய டைனமோ ஐட்லிங்கில் சொல்லும்படியாக எதுவும் தராது. காற்றால் குளிரும் இன்ஜின் நின்ற இடத்தில் ஓடினால் எக்ஸாஸ்ட் வால்வு மட்டும் வீணாகக் காயும்.

இன்னொன்று, இதுதான் பெரியது. அந்தத் தம்பியின் அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆனால் தலைவலி. அடுப்படிப் புகை என்று நினைத்திருந்தார்கள். வண்டிப் புகையில் வரும் விஷ வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. முன்கதவைத் திறந்து வைத்தால் போதும் என்று நம்பாதீர்கள். வீட்டுக்குள் இன்ஜினை ஓடவிடவே கூடாது.

சரி, என்னதான் செய்வது? ஒன்று, ஒழுங்காக ஓட்டுங்கள். வண்டியின் உரிம வில்லையான லைசன்ஸ் டிஸ்க்கைப் புதுப்பித்து, காலையில் வெளியே தள்ளிக்கொண்டு போய் ஸ்டார்ட் செய்யுங்கள். பைன்டவுன் வழியாக ஃபீல்ட்ஸ் ஹில் ஏறி, ஹில்கிரெஸ்ட் தாண்டி, பொத்தாஸ் ஹில் வரை போய் வாருங்கள். திரும்பும்போது ஆயில் டேங்கில் உள்ளங்கையை வைத்தால் சுட வேண்டும். 1913 முதல் 1936 வரை டர்பனுக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் இடையே சாலைப் பந்தயம் நடந்தது. அதன் நினைவாக நடக்கும் டிஜே ரன்னில், 1936 வரை செய்யப்பட்ட வண்டிகள் இன்றும் அந்தத் தூரத்தை ஓடிக் கடக்கின்றன. நீண்ட ஓட்டம் பழைய வண்டிக்குக் கெடுதல் என்பவர்கள் அதை ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும்.

ஓட்ட முடியாதா? முறையாகத் தூங்க வையுங்கள். கடைசியாக ஓட்டி வந்த சூட்டோடு பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றுங்கள். அமிலம் கலந்த ஆயில் மாதக்கணக்கில் உள்ளே நிற்கக் கூடாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, கிக்கரை நாலைந்து முறை மெல்ல மிதித்துவிட்டு, பிளக்கைத் திரும்ப மாட்டுங்கள். அப்புறம் கிக்கரைக் கையாலேயே அமுக்கிப் பாருங்கள். ஓரிடத்தில் கனமாகத் தடுக்கும். சிங்கிள் சிலிண்டர் வண்டியில் அங்கே இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும், வெளிக்காற்று உள்ளே போகாது. அங்கேயே விட்டுவிடுங்கள்.

மாதங்கள் கழித்து எழுப்பும்போது ஆயில் டேங்க் காலியாகத் தெரிந்தால் மேலே ஊற்றிவிடாதீர்கள். ஆயில் எங்கும் போகவில்லை, பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க்கேஸுக்குள் இறங்கியிருக்கிறது. கிராங்க்கேஸின் அடியில் உள்ள வடிகால் பிளக்கைத் திறந்து வடித்துவிட்டு, அதன் பிறகு டேங்கை நிரப்புங்கள். இல்லையென்றால் முதல் கிக்கிலேயே ப்ரீதர் என்னும் காற்றுக் குழாய் வழியாகப் பீய்ச்சும், சீல்களும் போகும்.

பெட்ரோலும் விளக்கும்

துரு பிடிக்காமல் இருக்க டேங்கை நிரப்பி வை என்பார்கள். கராஜுக்கு அது சரி. வீட்டுக்குள் சரியே இல்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகப் பரவும். நம் வீடுகளில் சாயங்காலம் விளக்கு ஏற்றுகிறோம், வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுகிறோம். லோட்ஷெடிங் என்று கரண்ட் போனால் மெழுகுவர்த்தி, கேஸ் அடுப்பு. நெருப்பு எப்போதும் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

இந்த வண்டிகளின் அமால் கார்புரேட்டரில் டிக்ளர் என்ற சின்னப் பொத்தானை அழுத்தினால் பெட்ரோல் வழிந்து சொட்டுவதே அதன் வேலை. சாமி அறைக்கு நாலடி தள்ளி நின்றுகொண்டு ஒருவர் அதை அழுத்திக் காட்டியபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது.

பெட்ரோல் டேங்க், கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணமான ஃப்ளோட் பௌல் இரண்டையும் வெளியே வைத்து வடித்துவிடுங்கள். பெட்ரோலைக் காரில் ஊற்றிக்கொள்ளலாம். காலி டேங்கில் கொஞ்சம் ஆயில் விட்டு எல்லாப் பக்கமும் படும்படி சுழற்றுங்கள். பழைய பெட்ரோல் டாப்பில் கார்க் இருந்தால் அது காய்ந்து சுருங்கிவிடும். மறுபடி நிரப்பும்போது முதலில் கசியும், அதனால் அதையும் வாசலுக்கு வெளியேதான் செய்ய வேண்டும்.

நடையை அடைத்து நிறுத்துவது

இதை யாரும் யோசிப்பதில்லை. ஜன்னலுக்கெல்லாம் பர்க்லர் கார்டு போட்டிருக்கிறோம். தீ பிடித்தால் வெளியேற இருப்பது கதவு மட்டும்தான். அந்த வழியில் 170 கிலோ இரும்பு நின்றால், இருட்டில், புகையில், பாட்டியை எப்படி வெளியே கொண்டுவருவீர்கள்? லவுஞ்சின் மூலை, சாப்பாட்டு அறை, எங்கேயும் நிறுத்துங்கள். நடையில் வேண்டாம்.

பிளாஸ்டிக் உறை

வேண்டாம். பழைய பருத்திப் பெட்ஷீட் போதும்.

பேட்டரி

கழற்றி, காற்றோட்டமான இடத்தில் சார்ஜ் செய்யுங்கள். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், படுக்கையறையில் கூடாது. 6 வோல்ட் பேட்டரிக்கு 6 வோல்ட் சார்ஜர்தான்.

தரை

ஸ்டாண்டின் அடியில் ப்ளைவுட் துண்டு வையுங்கள். டைல்ஸ் தாங்காது.

விருந்தாளி வந்தால் வெளியே தள்ளுவது

காவடிக்கு உறவுக்காரர்கள் வருகிறார்கள் என்று பைக்கைப் பின்வராந்தாவுக்குத் தள்ளிவிடுகிறார்கள். தைப்பூசம் ஜனவரி, பிப்ரவரியில் வருகிறது. டர்பனில் காற்று பிழிந்தால் சொட்டும் மாதங்கள் அவை. வீட்டுக்குள் குளிர்ந்து நின்ற இரும்பின்மேல் அந்த ஈரம் அப்படியே படியும். ஸ்போக் நிப்பிள்களிலும் ரிம் ஓரத்திலும் துரு தொடங்குவது அப்போதுதான். வண்டி நின்ற இடத்திலேயே நிற்கட்டும், நாற்காலிகளைத் தள்ளிப் போடுங்கள்.