கிரானைட் மேசையில் வயர்லெஸ் மவுஸ்

காவேரிப்பட்டணத்தில் ஒரு மாங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். சீசன் வந்துவிட்டால் ரசீதுப் புத்தகம், கால்குலேட்டர், மாதிரிக்கு வந்த செந்தூரா, பெங்களூரா எல்லாம் என் மேசைமேல்தான். இடையில் இரண்டு வயர் வேறு. போன மே மாதம் முதலாளியை நச்சரித்து வயர்லெஸ் கீபோர்டும் மவுஸும் வாங்க வைத்தேன்.

பிரித்தால், இரண்டும் அனுப்பும் சிக்னலை வாங்கிக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் குட்டித் துண்டான ரிசீவரைக் காணவில்லை. அட்டைப்பெட்டியை மூன்று முறை கவிழ்த்துப் பார்த்த பிறகுதான், மவுஸின் பேட்டரி மூடிக்குள் நகத்தளவில் அது ஒளிந்திருப்பது தெரிந்தது. நீங்கள் முதலில் அங்கே பாருங்கள். பேட்டரியோடு பிளாஸ்டிக் தாள் ஏதும் நீட்டிக்கொண்டிருந்தால் உருவிவிடுங்கள். ஸ்பிரிங் இருக்கும் பக்கம் மைனஸ். மவுஸின் அடியில் உள்ள சுவிட்சைப் போட மறக்காதீர்கள். ரிசீவரை யூஎஸ்பியில் செருகினால் விண்டோஸ் தானே கண்டுகொள்ளும். செட்டாக வாங்கினால் பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே ரிசீவர்தான்.

எனக்கு அதோடு முடியவில்லை. அடித்த எழுத்தில் பாதி திரையில் விழவில்லை; 1450 கிலோ 140 ஆனது. ரிசீவரைச் சிபியுவின் பின்பக்கம், ஹார்ட் டிஸ்க் மாட்டிய நீல நிறத் துளைக்குப் பக்கத்தில் செருகியிருந்தேன். அந்த நீலத் துளை யூஎஸ்பி 3.0 என்ற வேகமான வகை; அது வேலை செய்யும்போது எழும் மின் இரைச்சல், ரிசீவர் பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையிலேயே குறுக்கிடும். போதாததற்கு நடுவில் தகரப் பெட்டி. முன்பக்கக் கறுப்புத் துளைக்கு மாற்றியதும் எழுத்துகள் ஒழுங்காக விழுந்தன. முன்னால் துளை இல்லாதவர்கள் யூஎஸ்பி நீட்டிப்பு வயர் போட்டு ரிசீவரை மேசைமேல் கொண்டுவரலாம்.

அடுத்து மவுஸ். அம்புக்குறி நின்ற இடத்திலேயே நடுங்கியது. "மட்டமான சரக்கு, திருப்பிக் கொடுத்துவிட்டு வா" என்றார் முதலாளி. குற்றம் அவருடைய மேசையில்! கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட்டுக்கா பஞ்சம்? முகம் பார்க்கும் அளவுக்குப் பாலிஷ் போட்ட கறுப்புக் கல். மவுஸ் தன் அடியில் வெளிச்சம் அடித்து, பரப்பின் சொரசொரப்பை நொடிக்கு ஆயிரக்கணக்கான படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான் நகர்வை அறிகிறது. வழவழக் கல்லில் ஒப்பிட ஒன்றும் கிடைப்பதில்லை. பழைய காலண்டர் அட்டையைத் திருப்பி வைத்தேன், ஓடியது.

ரிசீவர் இல்லாத ப்ளூடூத் வகையென்றால் செட்டிங்ஸில் 'ப்ளூடூத்' பகுதிக்குப் போய்ச் சாதனத்தைச் சேர்க்க வேண்டும். திரையில் எண் காட்டினால் அதைப் புதிய கீபோர்டிலேயே அடித்து என்டர் தட்டுங்கள். இதையெல்லாம் செய்யவே ஒரு மவுஸ் வேண்டும் என்பதுதான் வேடிக்கை. விண்டோஸ் எழும் முன் வரும் பயாஸ் திரையிலும் ப்ளூடூத் கீபோர்டு பெரும்பாலும் வேலை செய்யாது. அதனால் பழைய வயர் கீபோர்டை நான் பழைய இரும்புக் கடைக்குப் போடவில்லை. தராசுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது.