சீலின் புழுவும் நம் கரையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீல், கடல் சிங்கம் ஆகியவற்றின் புழுக்களைப் பற்றிப் படிப்பவர்களில் பலர், அந்த விலங்குகள் இராமநாதபுரம் கடலில் வாழாததால் அவற்றின் புழுக்களுக்கும் நமக்கும் தொடர்பே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இதுதான் முதல் தவறு. அனிசாகிஸ் என்னும் உருளைப்புழுவுக்குச் சீலே வேண்டும் என்பதில்லை. மன்னார் வளைகுடாவில் நம் மீனவர்கள் அடிக்கடி காணும் ஓங்கிலும் (டால்பின்), ஆழ்கடல் திமிங்கிலமும் அதற்குப் போதும். அவற்றின் கழிவோடு வெளியேறும் முட்டையிலிருந்து வரும் இளம்புழுவைக் கூனிப்பொடி போன்ற சிற்றுயிர்கள் விழுங்க, அவற்றை மீனும் கணவாயும் தின்ன, அந்த மீனைத் தின்னும் விலங்கின் இரைப்பையில் புழு முழு வளர்ச்சி அடைகிறது.

பாறை மீனின் வயிற்றைக் கீறும்போது ஈரலின் மேல் கொசுவர்த்தியைப் போலச் சுருண்டு ஒட்டியிருக்கும், 2 முதல் 3 செ.மீ. நீளமுள்ள வெண்ணிறப் புழுவைக் கண்டால், மீன் கெட்டுவிட்டது என்று தூக்கி எறிய வேண்டியதில்லை. அப்போதுதான் பிடித்த மீனிலும் அது இருக்கும். கருவாட்டில் நெளிவதோ ஈயின் புழு. இரண்டையும் ஒன்றாகக் கருதக் கூடாது. சில மீன்களில், மீன் செத்த பிறகு புழு குடலிலிருந்து சதைக்கு நகர்வதால், குடலைத் தாமதமின்றி எடுத்துவிடுவது நல்லது.

எலுமிச்சைச் சாறும் வினிகரும் மேலோட்டமான உப்பும் புழுவைக் கொன்றுவிடும் என்று நம்புவது ஆபத்தான தவறு. சதையின் நடுப்பகுதி 63 டிகிரி செல்சியஸ் வரை சூடேற வேண்டும். பச்சையாக உண்பதற்கான மீனை −20 டிகிரியில் 7 நாள் உறையவைக்க வேண்டும். குழம்பில் நன்றாகக் கொதித்த மீனைப் பற்றிக் கவலை இல்லை. கடற்கரையில் மேலே கருகி உள்ளே வேகாமல் இருக்கும் சுட்ட மீனைத்தான் கவனிக்க வேண்டும். உயிருள்ள புழு வயிற்றுக்குள் போனால் சில மணி நேரத்திலேயே கடும் வலியும் வாந்தியும் வரலாம். ஒவ்வாமை உள்ளவர்களுக்குச் செத்த புழுவும் தொல்லை தரக்கூடும் என்பதால், கண்ணில் பட்டதை அகற்றிவிட்டுச் சமைப்பதே முறை.

எல்லாப் புழுவும் மீன் வழியாகத்தான் வரும் என்று நினைப்பதும் சரியன்று. வட பசிபிக்கின் ரோமச் சீல்களைத் தாக்கும் உன்சினேரியா என்னும் கொக்கிப்புழு, தாயின் உடலில் இளம்புழுவாக உறங்கிக் கிடந்து, முதல் பாலோடு குட்டிக்குள் புகுந்து, அதன் குடலில் இரத்தத்தை உறிஞ்சிக் கடும் சோகையை உண்டாக்குகிறது. மீனைத் தொட்டே பாராத குட்டி அதனால் சாவது எனக்கு இன்றும் மனம் பொறுக்காத செய்தி.

அதேபோல, சீலைப் பற்றிப் படித்ததை நம் ஆவுளியாவின் (கடற்பசு) மேல் ஏற்றிச் சொல்வதும் பிழையே. கடற்புல் மேயும் அதற்கு, மீனைத் தின்றால் வரும் புழுக்கள் அவ்வழியே வர வாய்ப்பில்லை. அதன் இரைப்பையில் பாராடுஜார்டினியா என்னும் வேறோர் உருளைப்புழு வாழ்கிறது.

கரை ஒதுங்கிய ஓங்கிலின் வயிற்றில் புழுவைக் கண்டவுடன், அதனால்தான் செத்தது என்று சொல்லிவிடுகிறோம். நலமாக நீந்தும் ஓங்கிலிலும் புழு இருக்கும். வலை இறுக்கிய தடம், படகு மோதிய காயம், நுரையீரலின் நிலை ஆகியவற்றையும் கால்நடை மருத்துவர் பார்த்த பிறகே காரணம் தெரியும். ஓங்கிலும் ஆவுளியாவும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. ஆகவே உடலை அறுக்காமல், கடலுக்குள் தள்ளிவிடாமல், வனத்துறைக்கு உடனே தகவல் தர வேண்டும்.