கவனிக்கப்படாத படத்தை ஊரில் எப்படிப் பரிந்துரைப்பது?

ஒரு நல்ல படத்தை யாருமே பார்க்கவில்லை என்ற ஆதங்கத்தோடு பேச்சைத் தொடங்காதீர்கள். அது கேட்பவரையே குற்றவாளியாக்கிவிடும். அவருக்குப் பழக்கமான ஒன்றிலிருந்து தொடங்குங்கள். கும்பகோணத்துக்காரரிடம் 1995-இல் ஞான ராஜசேகரன் இயக்கிய ‘மோகமுள்’ படத்தைப் பற்றிச் சொல்லும்போது, அது தி. ஜானகிராமனின் நாவல் என்பதைவிட, சங்கீதத்தில் ஊறிய ஓர் இளைஞன் தன்னைவிட மூத்தவளை விரும்பித் தவிக்கும் கதை அவருடைய ஊரிலேயே நடக்கிறது என்பதை முதலில் சொல்லுங்கள்.

‘கண் சிவந்தால் மண் சிவக்கும்’ படத்துக்கு இன்னும் நிதானம் தேவை. ஸ்ரீதர் ராஜன் இயக்கத்தில் 1983-இல் வந்த அந்தப் படம் இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ நாவலைத் தழுவியது. அதன் பின்னணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணி இருக்கிறது. கீழத்தஞ்சையில் அது ஆறாத புண் என்பதால், யாரிடம் பேசுகிறோம் என்பதை அறிந்தே பேச்சை எடுக்க வேண்டும்.

வீடு கட்டிக் கடனில் நிற்பவருக்குப் பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) போதும். பாடல்களே இல்லை என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விருதுப் பட்டியலைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம், சொல்லாமலே விட்டாலும் நட்டமில்லை.

நடவு நேரத்தில் எந்தப் படத்தையும் பரிந்துரைக்காதீர்கள். சம்பா அறுவடை முடிந்து நெல்லும் விற்றுவிட்ட ஒரு மாசி மாத இரவில், ஒரே ஒரு படத்தைச் சொல்லி, கூடவே உட்கார்ந்து பாருங்கள். இடையிடையே அவர் முகத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டாம்.