வன்னியில் கேம் லாக்: கோளாறு எந்தத் துண்டில் என்று பிடிப்பது எப்படி

லாக் அடிக்க (கேம் நேரத்துக்கு ஓடாமல் இழுபட) தொடங்கியதும் பலர் முதலில் செய்வது கூடின வேகமுள்ள பக்கேஜுக்கு மாறுவது. பெரும்பாலும் அது ஆற்றில் போட்ட காசு. பப்ஜி, டோட்டா 2, வலோரண்ட் எதுவானாலும் விளையாடும் நேரத்தில் விநாடிக்கு ஒரு மெகாபிட் கூட முழுதாகச் செலவாகாது. வேண்டியது, சின்னச் சின்னத் தரவுப் பாக்கெட்டுகள் நேரம் தவறாமல் போய்ச் சேருவதுதான். வலோரண்ட் சேர்வர் விநாடிக்கு 128 தடவை ஆட்டத்தின் நிலையைக் கணக்கிடுகிறது. ஏறக்குறைய 8 மில்லிவிநாடிக்கு ஒரு தடவை. இந்த மாதிரிக் கேம்களின் பாக்கெட்டுகள் பெரும்பாலும் யூடிபி முறையில் போகின்றன. வழியில் தொலைந்ததைப் பழையபடி திருப்பி அனுப்பிக்கொண்டிருக்க அங்கே நேரமில்லை. ஒன்றிரண்டு தொலைந்தால் கேம் ஊகித்துச் சமாளிக்கும். தொடர்ந்து தொலைந்தால் ஓடிக்கொண்டிருந்த ஆள் பழைய இடத்துக்கு இழுபடுவான், சுட்ட வெடி கணக்கில் வராது.

நெட்டைக் குறை சொல்ல முதல் ஒன்றைப் பாருங்கள். கமராவைச் சுற்றித் திருப்பும்போதே படம் திக்கித் திக்கி வந்தால் அது நெட் கோளாறு இல்லை, போனோ கணினியோ இழுக்க முடியாமல் திணறுகிறது. தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலில் போன் சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்வது சாதாரணம். கிராபிக்ஸைக் குறைத்து, கவரைக் கழற்றி, சார்ஜ் போட்டபடி விளையாடுவதை விட்டால் போதும். கமரா வழுக்கிக்கொண்டு திரும்புகிறது, மற்ற ஆட்கள் மட்டும் ஓரிடத்தில் மறைந்து வேறிடத்தில் முளைக்கிறார்கள் என்றால்தான் நெட்டைத் தேட வேண்டும்.

அந்தப் பாதை மூன்று துண்டு: உங்களிடம் இருந்து ரவுட்டர் வரை, ரவுட்டரில் இருந்து டவர் வரை, டவரில் இருந்து கேம் சேர்வர் வரை. எந்தத் துண்டில் ஓட்டை என்று தெரியாமல் ஒரு சாமானும் வாங்கவேண்டாம்.

விண்டோஸில் இரண்டு கட்டளைப் பெட்டிகளைத் திறவுங்கள். ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கும் (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.8.1), மற்றதில் 8.8.8.8 என்ற கூகுள் முகவரிக்கும் ஒரே நேரத்தில் பிங் அடியுங்கள். பிங் என்பது ஒரு சின்னப் பாக்கெட் போய்வர எடுக்கும் நேரத்தை அளக்கும் கட்டளை. சும்மா விட்டால் அது நாலு தடவைதான் அடிக்கும். நாலை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கட்டளையின் முடிவில் ஒரு இடைவெளி, சிறுகோடு, ஆங்கில ‘என்’ எழுத்து, பிறகு இடைவெளி விட்டு 300 என்று சேருங்கள். ஐந்து நிமிடம் ஓடும். போனில் இதற்கு இலவச ஆப்கள் இருக்கின்றன.

ரவுட்டருக்கான பிங் வயரில் 1 மில்லிவிநாடி அளவில் நிற்கவேண்டும், வைஃபையில் 2 முதல் 5. இழப்பு பூச்சியம். இங்கேயே 80, 200 என்று துள்ளினால் கோளாறு உங்கள் வீட்டுக்குள். இது சுத்தமாக இருந்து 8.8.8.8 மட்டும் துள்ளினால், பார்க்கவேண்டியது டவர்ப் பக்கம். இரண்டும் சுத்தம், கேம் மட்டும் லாக் என்றால் சேர்வர் அல்லது அதற்குப் போகும் வழி.

வீட்டுக்குள் என்றால் மருந்து லேசு: வயர். கட்5இ கேபிள் 100 மீற்றர் வரை தாங்கும். வைஃபைதான் ஒரே வழி என்றால் 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாறி, ரவுட்டர் இருக்கும் அறையிலேயே இருந்து விளையாடுங்கள். 2.4 மட்டும்தான் இருக்கிறது என்றால் சனலை 1, 6, 11 இல் ஒன்றாகவும் அகலத்தை 20 மெகாஹேர்ட்ஸாகவும் வையுங்கள். தகரத் தடுப்புக்குப் பின்னாலோ இரும்பு அலுமாரிக்கு மேலோ ரவுட்டரை வைத்தால் சிக்னல் அதிலேயே அடிபட்டுத் திரும்பும்.

8.8.8.8 மட்டும் துள்ளினாலும் டவரைக் குறை சொல்ல முதல் பார்க்கவேண்டிய இன்னொரு கள்ளன் அப்லோட். தம்பி எடுத்த கலியாண வீட்டு வீடியோ கூகுள் போட்டோஸுக்கு ஏறிக்கொண்டிருந்தால், ரவுட்டரின் வரிசையில் உங்கள் பாக்கெட் அதற்குப் பின்னால் காத்து நிற்கும். பிங் 45 இல் இருந்து 600க்குப் போகும். இழப்பு ஒன்றும் காட்டாது. பிங் ஓடும்போதே வேகச் சோதனை ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அப்லோட் கட்டத்தில் பிங் வானத்துக்கு ஏறினால் இதுதான் காரணம். ரவுட்டரில் வேக மட்டுப்பாடு இருந்தால் அப்லோடை உண்மையில் கிடைக்கும் வேகத்தின் 85 வீதத்துக்குக் கட்டுங்கள். இல்லாவிட்டால் விளையாடும் நேரத்துக்கு எல்லாப் போனிலும் தானியங்கி பக்கப்பை நிறுத்தவேண்டியதுதான்.

வன்னியில் தலையிடி அதிகம் தருவது இரண்டாவது துண்டு. ஏ9 வீதியை ஒட்டிய கிளிநொச்சி, மாங்குளம் பக்கத்தில் டவர் கிட்ட இருக்கும். துணுக்காய், ஒட்டுசுட்டான், நெடுங்கேணி உள்பக்கம் போகப் போகத் தூரமும் கூடும், நடுவே காடும் வரும். பச்சை இலை, அதுவும் மழையில் நனைந்த இலை, 2300 மெகாஹேர்ட்ஸ் மாதிரி உயர் அலைவரிசையை நன்றாகவே விழுங்கும். வெயில் நாளில் சரி, மழை பெய்து ஓய்ந்ததும் லாக் என்றால் மாமரத்தையும் சந்தேகியுங்கள்.

சிக்னல் கம்பிகளை நம்பவேண்டாம். 4ஜி ரவுட்டரின் முகவரியைப் பிரவுசரில் திறந்து சாதன விவரப் பக்கத்தில் இரண்டு எண்களைத் தேடுங்கள். ஆர்எஸ்ஆர்பி என்பது சத்தம், அதாவது சிக்னலின் பலம்: -90க்கு மேலே நல்லது, -110க்குக் கீழே கஷ்டம். எஸ்ஐஎன்ஆர் என்பது தெளிவு: 15க்கு மேலே வடிவு, 5க்குக் கீழே லாக் வரக்கூடும். கேமுக்குத் தெளிவுதான் முக்கியம். சத்தம் பலமாக இருந்தும், இரண்டு டவர் ஒரே நேரத்தில் கத்தினால் தெளிவு 2இல் நிற்கும்.

போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ரவுட்டரோடு வீட்டைச் சுற்றுங்கள். வயல் பார்த்த யன்னலில் வைத்து ஒரு நிமிடம் பொறுத்து எண்ணை எழுதுங்கள். பிறகு கால்வாசி திருப்பி மறுபடி எழுதுங்கள். அரை மீற்றர் நகர்த்தியதும் எஸ்ஐஎன்ஆர் 4இல் இருந்து 11க்குப் போகலாம். கையை எடுத்து விலகி நின்று பாருங்கள், உங்கள் உடம்பும் மறைக்கும்.

அதுவும் போதாவிட்டால்தான் வெளி அன்ரெனா. இரண்டு வயர் வரும் மைமோ வகை வாங்குங்கள். ஒற்றை வயர் அன்ரெனா ஒரு பாதையைத்தான் பலப்படுத்தும். மெல்லிய ஆர்ஜி58 வயர் இந்த அலைவரிசையில் மீற்றருக்கு ஏறக்குறைய 1 டெசிபெல் தின்னும். 10 மீற்றர் இழுத்தால் அன்ரெனா கூட்டித் தந்தது எல்லாம் வயரிலேயே போய்விடும். அன்ரெனா வயரை 3 மீற்றருக்குள் வைத்து, ரவுட்டரைக் கூரைக்குக் கிட்டே நிழலில் பூட்டி, மிச்சத் தூரத்துக்குக் கட்5இ இழுப்பதுதான் புத்தி. ஐப்பசி, கார்த்திகை இடிக் காலத்தில் அன்ரெனா வயரையும் பிளக்கையும் கழற்றாமல் படுக்காதீர்கள்.

எண்கள் நன்றாக இருந்தும் பின்னேரம் ஏழு மணிக்குப் பிறகு மட்டும் பிங் துள்ளினால் டவரில் நெரிசல். அதே சோதனையை விடிய ஐந்து மணிக்கு ஓடவிட்டால் உறுதியாகிவிடும். ரவுட்டர் அனுமதித்தால் வேறு பேண்டில் (அலைவரிசையில்) பூட்டிப் பாருங்கள், அல்லது வேறு நிறுவனத்தின் சிம்மை ஒரு கிழமை போட்டுப் பாருங்கள். புது அன்ரெனா நெரிசலைத் தீர்க்காது.

கறண்டையும் மறக்கவேண்டாம். பின்னேரத்தில் வோல்டேஜ் இறங்கும் இடங்களில் பழைய அடாப்டர் ரவுட்டரைச் சொல்லாமல் கொள்ளாமல் மறுதொடக்கம் செய்யவைக்கும். ரவுட்டரின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் பார்த்து அதே அளவில் சின்ன டிசி யூபிஎஸ் ஒன்று பூட்டுங்கள். ஃபைபர் எடுத்தவர்கள் அணில், குரங்கு கை வைத்த வயரையும், சுவரில் கூர்மையாக மடிந்த இடத்தையும் பாருங்கள். வளைவு 3 சென்றிமீற்றர் ஆரையை விடக் குறையக்கூடாது.

மூன்றாவது துண்டில் உங்கள் கை குறைவு. கிளிநொச்சியில் இருந்து சென்னை நேர்கோட்டில் 400 கிலோமீற்றர் அளவுதான். ஆனால் இலங்கையின் கடலடிக் கேபிள்கள் கரையேறுவது கொழும்பு, கல்கிசை, மாத்தறைப் பக்கம். எனவே வடக்கே போகவேண்டிய பாக்கெட்டும் தெற்கே இறங்கித்தான் கடல் தாண்டும். ஃபைபரில் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். கொழும்பில் இருந்து சிங்கப்பூர் 2,700 கிலோமீற்றருக்கு மேல், போய்வர 27 மில்லிவிநாடிக்குக் குறைய இயலாது. டோட்டா 2இல் இந்தியா, தென்கிழக்கு ஆசியா இரண்டினதும் பிங்கை ஒப்பிட்டுக் குறைந்ததை மட்டும் தெரிவு செய்யுங்கள். பாக்கெட்டை வேறு வழியால் அனுப்பும் கேம் விபிஎன், சேர்வருக்குப் போகும் வழி மோசமாக இருந்தால் உதவும். டவர்த் துண்டில் தொலைந்த பாக்கெட்டை அதனால் மீட்க முடியாது.

டிரேஸ் (பாக்கெட் போகும் வழியில் உள்ள ரவுட்டர்களை வரிவரியாகக் காட்டும் சோதனை) ஓடவிட்டு நடுவில் ஒரு வரியில் இழப்பைப் பார்த்துப் பதறவேண்டாம். கடைசி வரி சுத்தமாக இருந்தால் அந்த நடு ரவுட்டர் பிங்குக்குப் பதில் சொல்லச் சோம்பல் படுகிறது, அவ்வளவுதான். ஒரு வரியில் தொடங்கிய இழப்பு கடைசி வரை நீண்டால்தான் கோளாறு.

நிறுவனத்துக்கு அழைக்கும்போது “நெட் ஸ்லோ” என்று சொன்னால் ரவுட்டரை நிறுத்திப் போடச் சொல்லி வைத்துவிடுவார்கள். “ரவுட்டருக்குப் பிங் இழப்பு இல்லை, வெளியே 300க்கு 21 தொலைகிறது, மூன்று நாளாகப் பின்னேரம் ஏழில் இருந்து பதினொன்று வரை, எஸ்ஐஎன்ஆர் 16, செல் ஐடி (சாதன விவரப் பக்கத்தில் இருக்கும் டவர் இலக்கம்) இன்னது” என்று சொல்லி, முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வாங்குங்கள்.