செயற்கை இழை பிரஷும் ஒரு குவளைத் தண்ணீரும்

2022 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவின் குவாசூலு நட்டால் மாகாணத்தைத் தாக்கிய பெருவெள்ளத்துக்குப் பிறகு, டர்பனுக்கு வடக்கே இருக்கும் எங்கள் டோங்காட்டில் பல மாதங்கள் குழாயில் தண்ணீர் வரவில்லை. லாரியில் வந்த தண்ணீரை வாளிகளில் பிடித்துச் சுமந்துவந்து, சமையலுக்கு இவ்வளவு, குளிக்க இவ்வளவு என்று வீட்டுக்குள் பங்கிட்டுக்கொண்ட அந்த நாட்களில், முகச்சவரத்துக்கு எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு குவளை. அதற்கு முந்தைய ஆண்டே செயற்கை இழையால் ஆன சவர பிரஷ் ஒன்றை வாங்கியிருந்தேன். அதில் நுரை நிற்கவில்லை, வெறும் குமிழியாக வந்து கரைந்துபோகிறது என்று அலமாரியில் போட்டுவிட்டு, அப்பா வைத்துவிட்டுப்போன பன்றிமயிர் பிரஷையே பயன்படுத்திவந்தேன். பன்றிமயிர் பிரஷைச் சவரத்துக்கு முன் சில நிமிடங்கள் தண்ணீரில் ஊறவைத்தாக வேண்டும். ஊறவைக்கும் அந்தத் தண்ணீரையும் மிச்சம் பிடிக்க வேண்டியிருந்ததால், ஒதுக்கிவைத்த பிரஷை மீண்டும் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்துக் குழைத்தேன். கெட்டித் தயிரைப்போல் அடர்ந்து பளபளக்கும் நுரை அன்றுதான் முதன்முறையாக அந்தக் குஞ்சத்தில் எழுந்தது. ஓராண்டுக்காலம் நான் ஊற்றிவந்த தண்ணீர் மிக அதிகம் என்பதும் அன்றுதான் புரிந்தது.

இதற்கான காரணத்தை அறிந்துகொண்டால் மற்றவை எளிதில் கைவரும். பன்றிமயிரானாலும் பேட்ஜர் என்னும் விலங்கின் மயிரானாலும், விலங்கு மயிர் தண்ணீரைத் தனக்குள் உறிஞ்சிக்கொண்டு, குழைக்கக் குழைக்க மெதுவாக வெளியே விடும். (நம் காட்டுப் பூங்காக்களில் காணும், ஹனி பேட்ஜர் எனப்படும் தேன் வளைக்கரடி வேறு, பிரஷுக்கான பேட்ஜர் மயிர் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது.) செயற்கை இழையோ தண்ணீரைக் குடிப்பதே இல்லை என்று சொல்லலாம். இழைகளின் இடுக்குகளில் மட்டுமே தண்ணீர் தங்கியிருக்கும். பிரஷைச் சோப்பின்மேல் அழுத்திய கணத்தில் அத்தனையும் ஒருமிக்க வெளியேறிவிடும். எனவே விலங்கு மயிர் பிரஷுக்குப் பழகிய கை, அதே அளவு தண்ணீரோடு செயற்கை இழை பிரஷைப் பயன்படுத்தினால் சோப்பு நீர்த்துப்போவது நிச்சயம்.

செயற்கை இழை புதிய பொருளன்று. நைலான் இழை 1938-இலேயே பல்துலக்கும் பிரஷில் வந்துவிட்டது. ஆனால் பழைய நைலான் சவர பிரஷ்கள் விறைப்பாக இருந்து கன்னத்தைக் குத்தியதால் நெடுங்காலம் அவற்றுக்கு மலிவுப் பொருள் என்ற பெயரே நிலைத்தது. இன்று விற்கும் நல்ல பிரஷ்களில் பெரும்பாலும் பாலிபியூட்டிலீன் டெரிஃப்தாலேட் என்னும் இழையைப் பயன்படுத்துகிறார்கள். அதன் முனைகளை மெல்லியதாகக் கூராக்கிவிடுவதால், தொடும்போது பஞ்சுபோல் இருக்கும். அந்தப் பழைய நைலான் பிரஷை மனத்தில் வைத்துக்கொண்டு இன்றைய பிரஷை ஒதுக்குவோர் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். ஒருமுறை கன்னத்தில் தேய்த்துப் பார்த்தாலே அவர்கள் கருத்து மாறிவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

வாங்கும்போது பிடியின் அழகைவிடக் குஞ்சத்தைக் கவனியுங்கள். குஞ்சத்தின் அடிப்பகுதி 22 முதல் 26 மில்லிமீட்டர் விட்டமும், பிடிக்கு மேலே தெரியும் உயரம் 50 முதல் 55 மில்லிமீட்டரும் இருந்தால் முகத்துக்குப் போதுமானது. உயரம் மிகுந்தால் குஞ்சம் தொளதொளவென்று சாயும். குறைந்தால் விறைப்பாகத் தள்ளும். குஞ்சத்தை உள்ளங்கையில் அழுத்தி வட்டமாகச் சுழற்றிப் பாருங்கள். முனைகள் குத்தாமல் விரிந்து, கையை எடுத்தவுடன் பழைய வடிவுக்குத் திரும்ப வேண்டும். தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கும் குடும்பங்களில் பன்றிமயிரைக் கையால் தொடத் தயங்குவோர் உண்டு. அவர்களுக்குச் செயற்கை இழை மனநிறைவான வழி. ஆனால் சோப்பையும் கூடவே பார்க்க வேண்டும். பழைய முறையில் செய்த பல சவரச் சோப்புகளில் மாட்டுக் கொழுப்போ ஆட்டுக் கொழுப்போ சேர்ந்திருக்கும். உறையில் ‘டாலோ’ என்றோ ‘சோடியம் டாலோவேட்’ என்றோ இருந்தால் அது விலங்குக் கொழுப்புதான். பிரஷை மாற்றிவிட்டுச் சோப்பை மாற்றாமல் விட்டால், விரதத்தை எண்ணிச் செய்த மாற்றம் பாதியில் நின்றுவிடும்.

இனி செய்முறைக்கு வருவோம். முதலில் முகத்தை வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஈரத்தைத் துடைக்காமல் இரண்டு மூன்று நிமிடங்கள் விடுங்கள். தாடி மயிர் தண்ணீரை ஏற்று மென்மையாவதற்கு அந்த நேரம் தேவை. குளித்தவுடன் சவரம் செய்வோருக்கு இது தானாகவே அமைந்துவிடும். செயற்கை இழை பிரஷை ஊறவைக்கத் தேவையில்லை. ஐந்து விநாடி தண்ணீரில் முக்கியெடுத்து, குஞ்சத்தை ஒருமுறை மெல்லப் பிழிந்து, கீழ்நோக்கி இரண்டு மூன்று தடவை உதறுங்கள். சொட்டுச் சொட்டாக வடியாமல், தொட்டால் ஈரம் தெரியும் அளவில் இருந்தால் அதுவே சரி. கொதிக்கும் நீரில் மட்டும் முக்காதீர்கள். மிகுந்த சூடு இழைகளை வளைத்துவிடும், குஞ்சத்தைப் பிடியோடு ஒட்டிய பசையையும் நாளடைவில் தளர்த்திவிடும். கை பொறுக்கும் சூட்டைத் தாண்ட வேண்டாம்.

கட்டிச் சோப்பானால், ஈரப் பிரஷின் முனைகளை அதன்மேல் லேசாக அழுத்தி இருபது முப்பது விநாடிகள் வட்டமாகச் சுழற்றுங்கள். பலரும் அவசரப்படும் இடம் இதுதான். போதிய சோப்பு ஏறாவிட்டால் பிறகு எவ்வளவு குழைத்தாலும் நுரை நிலைக்காது. குஞ்சத்தின் முனையில் மாவு பூசியதுபோல் பசை படிந்திருப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். சோப்பின்மேல் பெரிய குமிழிகள் எழுந்தால் பிரஷில் தண்ணீர் கூடிவிட்டது. அந்தக் குமிழியை வழித்து எறிந்துவிட்டு, பிரஷை உதறித் தொடருங்கள். குழாயிலிருந்து பிதுக்கும் கிரீமானால் ஒரு பாதாம்பருப்பு அளவு போதும். அதைக் கிண்ணத்திலோ நேரே கன்னத்திலோ இட்டுக் குழைக்கலாம்.

சோப்பு ஏறிய பிரஷைக் கிண்ணத்தில் குழைப்பதா முகத்திலேயே குழைப்பதா என்பது அவரவர் பழக்கம். நான் முகத்தையே விரும்புகிறேன், ஏனெனில் குழைக்கும்போதே மயிரின் அடிவரை நுரை சென்றுவிடுகிறது, கழுவ வேண்டிய கிண்ணமும் ஒன்று குறைகிறது. எதுவானாலும் முதல் பத்து விநாடி தண்ணீர் சேர்க்காமல் குழைத்து, பசை பரவிய பிறகு, விரல்நுனிகளைக் குவளையில் நனைத்துச் சில சொட்டுகளை மட்டும் குஞ்சத்தின் முனையில் தெளியுங்கள். மறுபடி குழையுங்கள், மறுபடி சில சொட்டுகள். இப்படி நான்கைந்து முறை சேர்த்தால் பசை வெளுத்து, பெருகி, பளபளப்பு ஏறும். அந்தப் பளபளப்பே அடையாளம். நுரையை இரு விரல்களுக்கு இடையே தேய்த்தால் வழுவழுவென்று வழுக்க வேண்டும். மங்கலாக ஒட்டிப் பிடித்தால் இன்னும் சில சொட்டுகள் வேண்டும், ஒழுகி வடிந்தால் தண்ணீர் கூடிவிட்டது. கூடிவிட்டால் வருந்தத் தேவையில்லை, பிரஷைச் சோப்பின்மேல் மேலும் சில விநாடி சுழற்றினால் சரியாகிவிடும்.

செயற்கை இழைக்கு வில்போன்ற துள்ளல் உண்டு. பிடியின் கடைசியைப் பிடித்துக்கொண்டு வேகமாகச் சுழற்றினால் நுரை கண்ணாடியிலும் சட்டையிலும் தெறிக்கும். அதைத் தவிர்க்க, குஞ்சம் தொடங்கும் கழுத்துப் பகுதியை விரல்களால் சுற்றிப் பிடித்து, துள்ளலைக் கட்டுப்படுத்திக்கொண்டே மெதுவாகச் சுழற்றுங்கள். குஞ்சத்தை அடிவரை நசுக்காதீர்கள்; முனையில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் வளைந்தால் போதும். தாடை முழுவதும் வட்டமாகத் தேய்த்த பின், கடைசியில் சுவருக்கு வெள்ளை அடிப்பதுபோல் இடமும் வலமும் இழுத்துச் சமப்படுத்தினால், பிளேடு போகும் வழியெங்கும் ஒரே கனத்தில் நுரை படியும். முதல் சுற்றை மயிர் வளரும் திசையிலேயே மழியுங்கள். செயற்கை இழை தன்னிடம் நுரையைப் பதுக்கிக்கொள்வதில்லை. முதல் சுற்றுக்குப் பின்னும் பிரஷில் மீதமிருக்கும் நுரையை, முகத்தை நனைத்துவிட்டு அப்படியே இரண்டாம் சுற்றுக்குப் பூசலாம். நம்மவர்களில் பலருக்குத் தாடி மயிர் அடர்ந்தும் சுருண்டும் வளர்வதால், எதிர்த்திசையில் ஒட்ட மழித்தால் மயிர் தோலுக்குள்ளேயே வளைந்து வளர்ந்து கழுத்தில் கொப்புளம் கட்டும். அப்படிப்பட்ட தோலுடையவர்கள் எதிர்த்திசையை விட்டுவிட்டு, பக்கவாட்டில் ஒரு சுற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பிறகு குளிர்ந்த நீரில் கழுவி, அக்கால நாவிதர்கள் செய்ததுபோல் படிகாரக் கல்லை ஈரமுகத்தில் மெல்ல ஓட்டினால், சிறு கீறல்களில் கசியும் இரத்தம் நிற்கும்.

தண்ணீரின் தன்மையும் நுரையை மாற்றும். டர்பன் பக்கத்துக் குழாய்த் தண்ணீர் பொதுவாக மென்னீர் ஆதலால் சோப்பு எளிதில் நுரைக்கும். கரூ போன்ற வறண்ட பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்துவோருக்கு அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து சோப்போடு சேர்ந்து திரிந்து, நுரையை அடக்கிவிடும். அவர்கள் சோப்பைக் கொஞ்சம் கூடுதலாக ஏற்றிக்கொள்ள வேண்டும், அல்லது கொதிக்கவைத்து ஆறவைத்த நீரையோ மழைநீரையோ ஒரு குவளை தனியே வைத்துக்கொள்ளலாம். இந்தப் பிரஷுக்குத் தேவைப்படுவது அவ்வளவுதான்.

சவரம் முடிந்ததும் பிரஷைச் சோப்பு நீர் தெளிவாகும் வரை அலசி, குஞ்சத்தைப் பிழிந்து, நன்றாக உதறி, துண்டில் இரண்டு முறை லேசாக இழுத்துத் துடைத்து, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். நிமிர்த்தி வைத்தாலும் தொங்கவிட்டாலும் செயற்கை இழை விரைவில் உலர்ந்துவிடும். டர்பன் கடலோரத்தில் ஜனவரி, பிப்ரவரி மாதப் புழுக்கத்தில் விலங்கு மயிர் பிரஷ் மறுநாள் காலை வரை ஈரமாகவே இருந்து பூசணம் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். செயற்கை இழையில் எனக்கு அந்தத் தொல்லை இதுவரை இல்லை. ஆனாலும் ஈரத்தோடு மூடிய டப்பாவிலோ பயணப் பையிலோ அடைக்காதீர்கள். நாளடைவில் குஞ்சத்தின் அடியில் வெண்மையாகச் சோப்புக்கறை படிந்தால், பத்துப் பங்கு நீருக்கு ஒரு பங்கு வினிகர் கலந்து சில நிமிடம் அலசி, பின் நல்ல நீரில் கழுவினால் போய்விடும். ஒருவர் பிரஷை மற்றவர் பயன்படுத்தக் கூடாது என்பதை வீட்டில் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் சரியாகச் சுத்திகரிக்காத மயிரால் செய்த சவர பிரஷ்கள் வழியே ஆந்த்ராக்ஸ் நோய் பரவி உயிர்கள் போயின. செயற்கை இழைக்கு அந்த அச்சம் கிடையாது, ஆயினும் பிளேடு கீறிய தோலில் படும் பொருள் அவரவருக்கென்று தனியே இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் காவடி விரதம் முடியும்வரை பத்து நாட்கள் தாடியைத் தொடுவதில்லை. விரதம் முடித்து மழிக்கும்போது, முதலில் கத்தரியாலோ மெஷினாலோ தாடியைக் குட்டையாக்கிவிட்டு, வெந்நீரில் நனைத்த துண்டை முகத்தில் வைத்திருந்து, பிறகு வழக்கத்தைவிட ஒரு நிமிடம் கூடுதலாக பிரஷைச் சுழற்றுகிறேன். நீண்ட மயிர் நுரையிலுள்ள ஈரத்தை வேகமாக இழுத்துக்கொள்ளும். ஆகவே அன்று மட்டும் குவளையில் விரல் நனைப்பது இரண்டு மூன்று முறை கூடும்.