பழைய தியேட்டரைப் படம் எடுக்கப் போகிறீர்களா?
குடியாத்தம், ஆரணி, வாணியம்பாடி என்று எந்த ஊர்ப் பழைய தியேட்டருக்குப் போனாலும் முகப்பை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள், அதை எல்லோரும் எடுக்கிறார்கள். வாட்ச்மேனிடம் கேட்டு உள்ளே போய், டிக்கெட் கவுன்டரில் கை மட்டும் நுழையும் ஓட்டை, கம்பித் தடுப்பு போட்ட க்யூ சந்து, ஆபரேட்டர் ரூம் சுவரில் படம் பாயும் சதுரத் துவாரம் இவற்றைக் கிட்டத்தில் எடுங்கள். எழுத்து மங்கிய கல்வெட்டுக்கு ஃபிளாஷ் வேண்டாம். செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் நிழல் விழுந்து எழுத்து தெரியும். வேலூர் வெயிலைச் சொல்லவே வேண்டாம், கிழக்கு பார்த்த முகப்பென்றால் ஏழு மணிக்கே போய்விடுங்கள். அப்புறம், ஃபைல் பெயரில் ஊர், தேதியோடு பழைய மாவட்டத்தையும் சேருங்கள். 1989-க்கு முந்தைய காகிதங்களில் ஆரணிகூட வட ஆற்காடுதான்.